தெரிவும் சார்பும்: உட்பொதி லினக்ஸ் உருவாக்கம் பற்றிய சில சிந்தனைகள்

கணினி என்றவுடன் மேசைமீது வைக்கப்பட்ட திரையும் விசைப்பலகையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின் இன்று இயங்கும் கணினிகளுட் பெரும்பாலானவை அவ்வடிவின அல்ல. வீட்டின் மூலையிலிருந்து இணையத் தொடர்பைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர், தொழிற்சாலையின் அளவைக் கருவி, தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் சிறுபெட்டி ஆகியவற்றினுள்ளேயும் கணினிகள் மறைந்திருக்கின்றன. ஒரு குறித்த பணிக்கென ஒரு பொருளினுள்ளே பொதிந்து வைக்கப்பட்ட இத்தகைய கணினிகளை உட்பொதி முறைமைகள் என்பர். இவற்றுட் கணிசமானவை லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே இயங்குகின்றன.

இவற்றுக்கான மென்பொருள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டு, எவ்வாறு ஒன்றிணைக்கப்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொறியியலாளரின் தனிப்பட்ட விடயம் எனவும், பிறர் இதில் அக்கறை கொள்வதற்கு யாதுமில்லை எனவும் கருதப்படுவதுண்டு. அக்கருத்து ஏற்புடையதன்று என்பதே நமது நிலைப்பாடு. ஒரு கருவியினுள் எவை சேர்க்கப்பட்டன, எவை விலக்கப்பட்டன, எது எதன் பொருட்டு உள்ளே வந்தது என்னும் பதிவு இல்லாதவிடத்து, அக்கருவியின் மூலநிரல் முழுவதும் நம் கையிலிருப்பினும், அக்கருவி நம் ஆளுகைக்குள் வருவதில்லை.

1. சிறுமையின் நிர்ப்பந்தம்

மேசைக் கணினியில் மென்பொருளை நிறுவுவோர், பிறர் ஏற்கெனவே உருவாக்கி வைத்த பொதிகளையே பெற்றுக்கொள்கின்றனர். அப்பொதிகள் எல்லோருடைய தேவைகளையும் மனங்கொண்டு, இயன்ற வசதிகள் அனைத்தையும் உள்ளடக்கி ஆக்கப்பட்டவை. இடம் தாராளமாக உள்ளபோது இஃதொரு குறையன்று. உட்பொதி முறைமைகளின் நிலை வேறு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த லின்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரில் நிலைநினைவகம் 4 மெகாபைற்றும் செயல்நினைவகம் 16 மெகாபைற்றுமே இருந்தன. ஒரு முழுமையான இயக்க முறைமை அந்த 4 மெகாபைற்றினுள் அடங்கவேண்டியிருந்தது.

இந்நிர்ப்பந்தத்துக்கு விடையாக எழுந்த முன்னோடி முயற்சிகளுள் பிஸிபொக்ஸ் குறிப்பிடத்தக்கது. டெபியன் லினக்ஸை நிறுவுவதற்கான முறைமை முழுவதையும் ஒற்றை நெகிழ்வட்டில் அடக்கும் பொருட்டு 1995இல் புரூஸ் பெரென்ஸ் இதனை எழுதத் தொடங்கினார். கோப்புகளைப் பட்டியலிடுதல், பிரதிசெய்தல், தேடுதல் முதலிய பணிகளுக்கெனத் தனித்தனியே இருந்த நிரல்களை ஒரே நிரலாக இணைத்தமையும், அவற்றுள் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை உருவாக்க வேளையிலேயே நீக்கிவிடும் வாய்ப்பை அளித்தமையும் அதன் சிறப்புகளாகும். உட்பொதி உருவாக்கத்தின் அடிப்படைத் தத்துவம் இதுவே: தேவையற்றதை நிறுவியபின் அழிப்பதன்று, அது தோன்றாமலே தடுப்பது.

ஒரு பொதி மாத்திரமன்றி முறைமை முழுவதுமே இவ்வாறு மூலநிரலிலிருந்து உருவாக்கப்படவேண்டும் என்னும் தேவையிலிருந்து பில்ட்ரூட் 2001இல் தோன்றியது. யூக்ளிப்சி என்னும் சிறிய நிரல்நூலகத்தைச் சோதிப்பதற்கான ஏற்பாடாகவே அது தொடங்கிற்று. காலப்போக்கில் தனித்த கருவியாக வளர்ந்தது. பில்ட்ரூட்டை அடியாகக்கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி உருவாகியது. பெருநிறுவனங்கள் விரும்பும் யொக்டோ திட்டம் 2010இல் வெளிவந்தது. இம்மூன்றும் முறையால் வேறுபடினும், அவை எதிர்கொள்ளும் வினாக்கள் ஒன்றே. இக்கட்டுரையில் பில்ட்ரூட்டையே பெரிதும் எடுத்துக்கொள்கிறோம்.

2. உச்சவரம்பும் கீழ்வரம்பும்

லினக்ஸின் மையப்பகுதியான கருநிரலை உருவாக்குகையில் ஆயிரக்கணக்கான தெரிவுகளுக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. இவற்றை ஒழுங்குபடுத்துவதற்காக ரோமன் சிப்பெல் வகுத்த கேகொன்பிக் என்னும் சிறுமொழி 2002இல் கருநிரலின் வளர்ச்சிப் பதிப்பில் இணைக்கப்பட்டது. பிஸிபொக்ஸ், பில்ட்ரூட், ஓப்பன்டபிள்யூஆர்டி ஆகியனவும் பின்னர் அதனையே கைக்கொண்டன. ஆகவே இம்மொழியின் இலக்கணத்தை விளங்கிக்கொள்ளல் இன்றியமையாததாகும்.

கேகொன்பிக்கில் ஒரு தெரிவு பொதுவாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் பெறுமதியைக் கொள்ளும். கருநிரலில் மூன்றாவதாக ‘கூறு’ என்னும் பெறுமதியும் உண்டு. அப்பகுதி தனிக்கோப்பாக ஆக்கப்பட்டு, வேண்டியபோது ஏற்றிக்கொள்ளப்படும் என்பது அதன் பொருள். தெரிவுகளுக்கிடையிலான உறவுகள் இருவகைப்படும். ‘டிபென்ட்ஸ் ஒன்’ என்பது ஒன்று. ‘செலக்ட்’ என்பது மற்றையது.

முதலாவது உறவு, ‘அது இருந்தாலன்றி இது இயலாது’ என்று கூறுவது. சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு பொதிக்கு, அம்மொழியைத் தொகுக்கவல்ல கருவித்தொடர் வேண்டும். கருவித்தொடரில் அவ்வசதி தெரிவு செய்யப்படாவிடின், அப்பொதி பட்டியலிலேயே தோன்றாது. இரண்டாவது உறவு, ‘இதனைத் தெரிந்தால் அதுவும் தானே தெரியப்படும்’ என்பது. தரவுகளைச் சுருக்கும் ஸீலிப் நூலகத்தை வேண்டும் ஒரு பொதியைத் தெரிவோர் அந்நூலகத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. அது தானாகவே உள்ளே வரும். முன்னையது ஒரு தெரிவுக்கு உச்சவரம்பை விதிக்கிறது. பின்னையது இன்னொரு தெரிவுக்குக் கீழ்வரம்பை விதிக்கிறது. இவ்வாறு நோக்கின் இவற்றின் இயல்பு தெளிவாகும்.

பின்னைய உறவு இலகுவானது, அதனாலேயே ஆபத்தானது. ‘செலக்ட்’ ஒரு தெரிவை வலிந்து ஏற்றும்போது, அத்தெரிவு தனக்கென விதித்துள்ள நிபந்தனைகளைப் பார்ப்பதில்லை. ‘அ’ என்னும் பொதி ‘ஆ’ என்னும் நூலகத்தை வலிந்து ஏற்றுகிறது. ‘ஆ’வுக்கோ சி++ வசதி வேண்டும் எனக் கொள்வோம். அந்நிபந்தனையை ‘அ’வும் தன் பெயரில் மீண்டும் எழுதவேண்டும். எழுதாதவிடத்துப் பொருந்தாத இணைப்பொன்று தோன்றி, உருவாக்கம் இடைநடுவில் முறிந்துபோகும். கண்ணுக்குப் புலப்படாத தெரிவுகளுக்கும் தமக்கெனச் சார்பற்ற தெரிவுகளுக்கும் மாத்திரமே ‘செலக்ட்’டைப் பயன்படுத்துமாறு கருநிரலின் ஆவணமே அறிவுறுத்துவது இதனாலாகும். பில்ட்ரூட் நூலகங்களுக்கு அதனைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஆனால் கருவித்தொடரின் இயல்புகளைப் பொறுத்தவரை ‘டிபென்ட்ஸ் ஒன்’ உறவையே கையாண்டு, ஒரு பொதி ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கூறும் குறிப்பொன்றையும் பட்டியலில் இடுகிறது. தடையை விதித்தால் அதன் காரணத்தையும் சொல்லவேண்டும் என்னும் இவ்வொழுக்கம் பாராட்டத்தக்கது.

புதிதாக இத்துறைக்கு வருவோர் இடறும் இடமொன்றையும் சுட்டல் வேண்டும். தெரிவுகள் யாவும் ‘.கொன்பிக்’ என்னும் கோப்பிற் பதியப்படுகின்றன. பட்டியலில் தோன்றாத தெரிவொன்றை அக்கோப்பில் நேரடியாக எழுதிவிட்டால் காரியம் முடிந்தது எனச் சிலர் கருதுவர். நிபந்தனைகள் நிறைவேறாவிடின், அடுத்தமுறை அக்கோப்பு செம்மையாக்கப்படும்போது அவ்வரி நீக்கப்பட்டுவிடும். உருவாக்கம் தடையின்றி நிறைவுறும். கேட்ட வசதி மாத்திரம் அதில் இராது.

3. ஒரு பொதி, மூன்று சார்புகள்

ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, அவ்வளவைக் குறித்த நேரங்களில் தொலைவிலுள்ள வழங்கிக்கு அனுப்பும் சிறுகருவியொன்றைக் கற்பனை செய்வோம். அனுப்பும் பணிக்கு லிப்கேர்ல் என்னும் நூலகம் தெரிவு செய்யப்படுகிறது. அளவைகளை வழியில் எவரும் மாற்றிவிடாதிருக்க, மறைகுறியிடப்பட்ட தொடர்பு வேண்டும். இங்கு மூவகைச் சார்புகள் எழுகின்றன.

முதலாவது, அமைவு வேளைச் சார்பு. மறைகுறியீட்டுக்கென ஓப்பன்எஸ்எஸ்எல், நூடிஎல்எஸ், எம்பெட்டிஎல்எஸ் முதலிய நூலகங்கள் பல உள. அவற்றுள் ஒன்றேனும் தெரியப்படாவிடின், லிப்கேர்ல் மறைகுறியீட்டு ஆற்றல் இல்லாமலே உருவாகும். இது பிழையாக அறிவிக்கப்படுவதில்லை. ஏனெனில் அதுவும் முறையானதொரு தெரிவே. கருவி ஆற்றங்கரையில் நிறுவப்பட்டபின்னரே குறை தெரியவரும்.

இரண்டாவது, உருவாக்க வேளைச் சார்பு. லிப்கேர்லைத் தொகுப்பதற்கு முன்னர் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கேகொன்பிக் இவ்வொழுங்கை அறியாது. ஆகவே பில்ட்ரூட்டில் ஒவ்வொரு பொதிக்கும் இரு கோப்புகள் உள: தெரிவைக் கூறுவது ஒன்று, உருவாக்க ஒழுங்கைக் கூறுவது மற்றையது. ஒரே சார்பு ஈரிடத்தும் பதியப்படவேண்டும். முன்னதில் எழுதிப் பின்னதில் மறந்தால், நூலகம் சில வேளை தற்செயலாக முந்தித் தொகுக்கப்பட்டுக் காரியம் கைகூடும். இன்னொரு நாள் ஒழுங்கு மாறியதும் முறியும். நேற்று இயங்கியது இன்று இயங்காமைக்கு இத்தகைய எழுதப்படாத சார்புகளே பல சமயங்களிற் காரணமாகின்றன.

இவ்விடத்துப் பிறிதொரு நுட்பமும் நோக்கற்பாலது. மூலநிரற் பொதிகள் பல, தொகுக்கப்படுமுன் தம்மைச் சூழவுள்ள நூலகங்களைத் தாமே தேடிப்பார்க்கும் இயல்பின. கண்டால் சேர்த்துக்கொள்ளும்; காணாவிடின் விட்டுவிடும். மேசைக் கணினியில் இது வசதியே. உட்பொதி உருவாக்கத்திலோ ஒருவகைக் கணினியில் இருந்துகொண்டு வேறுவகைச் செயலிக்கான நிரலை ஆக்குகிறோம். எதிர்பாராத ஒன்று கண்ணிற்பட்டுச் சேர்ந்துவிட்டால், ஒரே அமைவுக் கோப்பிலிருந்து இரு வேறு விளைவுகள் தோன்றக்கூடும். எனவே ஒரு வசதி வேண்டுமெனின் ‘சேர்’ என்றும், வேண்டாவெனின் ‘சேர்க்காதே’ என்றும் வெளிப்படையாகவே கட்டளையிடுவது பில்ட்ரூட்டின் மரபு. மௌனம் ஈண்டு மறுப்பாகாது. அது தீர்மானத்தைத் தற்செயலிடம் ஒப்படைப்பதாகும்.

மூன்றாவது, இயக்க வேளைச் சார்பு. ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு சேர்ந்தே லிப்கேர்ல் உருவாகிவிட்டது எனினும், வழங்கியின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு நம்பத்தகுந்த சான்றிதழ்களின் தொகுதி கருவியில் இருக்கவேண்டும். அது தனிப்பொதி. தொகுப்பதற்கு அது தேவைப்படாதாகையால் உருவாக்கத்தின்போது எவ்வித முறைப்பாடும் எழாது. இயங்கும்போது மட்டும் தொடர்பு மறுக்கப்படும். இந்நிலையில், சரிபார்த்தலையே நிறுத்திவிடும் தெரிவை நாடுவோர் உளர். தொடர்பு உடனே கிடைத்துவிடும். ஆனால் மறைகுறியீட்டின் பயன் போய்விடும். ஒரு பொதியைச் சேர்க்க மறந்தமை, கருவியின் பாதுகாப்பையே துறந்தமையாக முடிகிறது.

உருவாக்கம் நிறைவுற்றபின் தெரிவுகளை மாற்றுவோரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எந்த மாற்றம் எப்பொதிகளைப் பாதிக்கும் என்பதைக் கண்டறிந்து அவற்றை மீள ஆக்கும் பொறுப்பை பில்ட்ரூட் ஏற்பதில்லை. லிப்கேர்ல் தொகுக்கப்பட்டபின் ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சேர்த்தால், நூலகம் கருவியிற் சேரும்; லிப்கேர்ல் அதனை அறியாமல் பழையபடியே இருக்கும். ஐயமுள்ளவிடத்து எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆக்குக என்பதே அதன் ஆவணம் கூறும் அறிவுரை. நேரம் விரயமாகும் என்பது உண்மை. எனினும் பதிவும் பொருளும் ஒன்றுக்கொன்று இயைந்திருப்பதற்கு அதுவே உறுதியான வழி.

4. கேளாமலே வந்தவை

இதுவரை நாம் தெரிந்தெடுத்தவற்றைப் பற்றியே பேசினோம். ஆயின் ஒரு பொதியிலுள்ள தெரிவுகளுட் பெரும்பாலானவற்றை நாம் தொடுவதேயில்லை. அவற்றின் இயல்புநிலைப் பெறுமதிகளே நமக்காகத் தீர்மானிக்கின்றன. இதன் விளைவை உலகம் 2014 ஏப்ரலில் கண்டது.

2012 மார்ச்சில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 பதிப்பில், தொடர்பு உயிரோடிருக்கிறதா என வினவும் ‘இதயத்துடிப்பு’ வசதி சேர்க்கப்பட்டது. அது இயல்பாகவே இயங்குநிலையில் இருந்தது. அதிலிருந்த வழுவொன்றினால், தொலைவிலுள்ள எவரும் ஒருமுறை வினவி 64 கிலோபைற் வரையிலான நினைவகப் பகுதியைப் பெற்றுவிட இயன்றது. ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்றது இதுவே. புதிய பதிப்புக்கு உடனே மாற இயலாதோர், இதயத்துடிப்பை நீக்கும் உருவாக்கத் தெரிவோடு நூலகத்தை மீளத் தொகுத்துக்கொள்ளுமாறு ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் அறிவித்தலிற் கூறியது. அதாவது, அவ்வசதி தமக்குத் தேவையா என்னும் வினாவை முற்கூட்டியே எழுப்பி ‘இல்லை’ என விடையிறுத்தோரை அவ்வழு அணுகவே இல்லை. சிக்கனத்தின் பொருட்டு எழுந்த ஒழுக்கம் பாதுகாப்பின் அரணாகவும் அமைவதை இங்கு காண்கிறோம்.

பத்தாண்டுகளின் பின் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 2024 மார்ச் 29ஆம் நாள், எக்ஸ்இஸட் என்னும் தரவுச் சுருக்கப் பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட கள்ளவழியொன்றை அந்திரேஸ் பிரொயின்ட் அம்பலப்படுத்தினார். தொலைநுழைவு வழங்கியான ஓப்பன்எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதிப்பதைக் கவனித்தே அவர் அதனைத் துருவினார். ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூலநிரலுக்கு எக்ஸ்இஸட்டோடு நேரடித் தொடர்பு கிடையாது. சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள், வழங்கி தயாராகிவிட்டதை அறிவிக்கும் சிறுவசதியின் பொருட்டு அதனை சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தனர். அந்நூலகமே எக்ஸ்இஸட்டை இழுத்துவந்தது. சார்பின் சார்பு வழியாகவே பகை உட்புகுந்தது.

அக்கள்ளவழி மேசை, வழங்கிக் கணினிகளின் குறித்த சில உருவாக்கங்களையே இலக்காகக் கொண்டது. உட்பொதிக் கருவிகள் அதன் குறியல்ல. எனினும் அது மறைந்திருந்த இடம் நமக்குப் பாடமாகிறது. கள்ளவழியைத் தூண்டிய பகுதி பலரும் பார்வையிடும் நிரற் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியிடப்பட்ட சுருக்கக் கோப்பில் மட்டும், தொகுப்புக்கு முன் இயங்கும் உருவாக்கக் கட்டளைகளுக்கிடையே அது வைக்கப்பட்டிருந்தது. நிரலை வாசிப்போர் உளர். உருவாக்கக் கட்டளைகளை வாசிப்போர் அரியர் என்பதை அதனைச் செய்தோர் நன்கறிந்திருந்தனர். இறக்கிய கோப்பு மாறாதது என்பதை உறுதிசெய்யும் குறியெண்ணை பில்ட்ரூட் ஒவ்வொரு பொதியோடும் வைத்துள்ளது. அக்குறியெண் கோப்பு அதுவே என்பதைக் கூறுமேயன்றி, அது நேர்மையானது என்பதைக் கூறாது. 2024 ஜூலையில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பு, அவ்வறிவித்தல் வசதியை எந்நூலகத்தின் துணையுமின்றித் தானே செய்துகொண்டது. சார்பொன்றைக் குறைப்பதே சிறந்த பரிகாரம் என்பதற்கு இது சான்று.

5. பதிவு யாருக்குரியது?

மீண்டும் டபிள்யூஆர்டி54ஜிக்கு வருவோம். அதனுள் லினக்ஸ் இயங்குவது 2003இல் வெளியாரால் கண்டறியப்பட்டது. லினக்ஸ் கருநிரல் பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வழங்கப்படுவது. அதனைப் பண்டமாக்கி விற்போர் மூலநிரலையும் கொடுத்தல் கடன். அவ்வாண்டிலேயே மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது.

மூலநிரல் என்பதற்கு அவ்வுரிமம் தரும் வரைவிலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிரல்களோடு, தொகுப்பையும் நிறுவலையும் கட்டுப்படுத்தும் கட்டளைத் தொகுதிகளும் அதனுள் அடங்கும். 1991இலேயே இதனை எழுதியோர், தெரிவுகளின் பதிவின்றி நிரல் பயன்படாது என்பதை உணர்ந்திருந்தனர். பில்ட்ரூட்டின் ‘லீகல்-இன்போ’ கட்டளை, பயன்படுத்திய பொதிகளின் பட்டியல், உரிமங்கள், மூலநிரல்கள் ஆகியவற்றோடு அமைவுக் கோப்பையும் சேர்த்தே திரட்டித் தருகிறது.

பதிவு செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். இயல்புநிலையிலிருந்து வேறுபட்ட தெரிவுகளை மட்டும் சுருக்கமாகச் சேமிக்கும் வசதி உண்டு. வாசிப்பதற்கும் ஒப்புநோக்குவதற்கும் அது சிறந்தது. ஆயின் பில்ட்ரூட்டின் அடுத்த பதிப்பில் இயல்புநிலையே மாறினால், அதே சுருக்கம் வேறொன்றைக் குறிக்கும். ஆகையால் எப்பதிப்புக்குரிய சுருக்கம் என்பதையும் உடன் குறித்தல் இன்றியமையாதது. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் தாம் ஆதாரமாகக் கொண்ட பிரதிகளை முன்னுரையிற் குறிப்பிடுவதும் இத்தகைய பொறுப்புணர்வினாலேயே.

இப்பதிவின் பெறுமதி கருவி பழையதாகும்போதே முழுமையாகப் புலப்படும். 4 மெகாபைற் நிலைநினைவகமும் 32 மெகாபைற் செயல்நினைவகமும் கொண்ட கருவிகளுக்கு, 2020 ஜனவரியில் வெளிவந்த 19.07 வரிசையோடு ஓப்பன்டபிள்யூஆர்டி தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. கருநிரல் பெருத்துவிட்டமையே காரணம். ஆதரவு நின்றதும் கருவியை வீசிவிடுவதா, தேவையற்றவற்றை விலக்கித் தானே உருவாக்கி இன்னுஞ் சில காலம் பயன்படுத்துவதா என்னும் வினா எழுகிறது. அமைவுப் பதிவைக் கையில் வைத்திருப்போருக்கே இவ்வினா வினாவாக இருக்கும். ஏனையோருக்கு விடை ஏற்கெனவே பிறரால் எழுதப்பட்டுவிட்டது.

முடிவாகக் கூறின், விற்பனைக்கு வரும் பண்டத்தில் அதனை ஆக்கிய உழைப்பும் தீர்மானங்களும் மறைந்துவிடுகின்றன. மூடிய பெட்டியொன்றே நம்முன் நிற்கிறது. அமைவுக் கோப்பு அப்பெட்டியின் உட்கதையாகும். எதனை வேண்டினோம், அதன் பொருட்டு எவை வந்தன, கேளாமலே எவை புகுந்தன என்னும் மூன்றையும் அதனைக் கொண்டே பிரித்தறியலாம். ஆகவே நம் பல்கலைக்கழகங்களிற் கணினியியல் பயில்வோர் நிரல் எழுதக் கற்பதோடு அமையாது, உருவாக்கக் கட்டளைகளை வாசிக்கவும், தம் தெரிவுகளைக் காரணத்தோடு பதிந்து வைக்கவும் பழகவேண்டும். ஒரு கருவிக்காகப் பொதுப்பணம் செலவிடப்படும் இடங்களில், கருவியோடு அதன் அமைவுப் பதிவையும் கேட்டுப்பெறுதல் நியதியாக வேண்டும். மூலநிரலை வாசிக்கும் உரிமை, அதனை மீள உருவாக்கும் ஆற்றலோடு சேரும்போதே முழுமை பெறுகின்றது.